மேல் பாதை, கீழ் பாதை

போன மாதம் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சண்டை போட்டுவிட்டு வந்தேன். என் மனைவிக்கு முழங்காலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. சுவரில் 'எக்ஸ்ரே' என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்கள். அம்பு காட்டிய பக்கம் போனால் கழிப்பறை. திரும்பி வந்தால் இன்னொரு அம்பு, அது மாடிப்படியைக் காட்டியது. ஏறிப் போனால் கதவு பூட்டியிருந்தது. வலிக்கிற காலோடு அவள் ஏறி இறங்கியதைப் பார்த்ததும் எனக்கு மண்டை சூடாகிவிட்டது. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அந்த அம்பை அடித்துவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்து ஒன்று வரைந்தேன். காவலாளி ஓடிவந்து, "பெரியவரே, சுவத்துல கிறுக்குறீங்களே!" என்றான். "கிறுக்கினது நான் இல்லப்பா, இதை எழுதின ஆளு" என்றேன். மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ரிட்டயராயி எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் அடங்கலையா ஒங்களுக்கு?"

அடங்கவில்லைதான். கல்யாண மண்டபத்தில் 'சாப்பாடு' அம்பு கோணலாக இருந்தால் பந்தியில் உட்கார முடியாது. பஸ்ஸில் போகும்போது ஊர்ப் பெயர்ப் பலகையை முருங்கைக் கிளை மறைத்திருந்தால் இறங்கி ஒடித்துவிட்டு வரலாமா என்று கை பரபரக்கும். இருபத்தெட்டு வருடம் ஒரு பூங்காவில் வழிகாட்டிப் பலகைகளுக்கு வைத்தியம் பார்த்தவனுடைய வியாதி இது.

அந்தப் பூங்காவில் இப்போது பொறுப்பில் இருக்கும் அருள் என்ற இளைஞர் போன் செய்தார். "ஐயா, பழைய பலகையெல்லாம் எடுத்துட்டு, போனைக் காட்டினா வழி சொல்ற மாதிரி புதுசா வைக்கப் போறோம். நீங்க இருந்த காலத்தைப் பத்தி ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன். புதுசா சேந்த பசங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்" என்றார். நாலு பக்கம் எழுத ஓரிடத்தில் உட்கார வேண்டுமே. எழுந்து நடந்து, மறுபடி வந்து எழுதியது இது. அங்கங்கே அறுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் அந்தப் பூங்காவைத் தொடங்கினார்கள். எந்தத் துறை என்று சொல்லப் போவதில்லை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, கருவேலம் புதருக்குள் ஒரு சின்னப் பாறைக் குன்று. கரடு என்போம். முந்நூறு அடி இருந்தால் அதிகம். அதன் மேற்குப் பள்ளத்தில் ஓர் ஏரி. வெயிலில் வெந்துபோன ஜனங்கள் மர நிழலில் நடந்து போய் வரட்டும் என்று பாதை வெட்டி, வேலி போட்டு, கரட்டு உச்சியில் நாலு தூண் நிறுத்தி ஒரு காட்சி மேடையும் கட்டினார்கள். நான் அங்கே குழி வெட்டுகிற தினக்கூலியாகச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். அதைக் கண்டுபிடித்து என் கையில் தூரிகையைக் கொடுத்தவர் ரேஞ்சர் பெஞ்சமின் சார்.

பெஞ்சமின் சாருக்குக் குன்னூர். கம்பளிச் சட்டையைக் கழற்றி எங்கள் வெயிலுக்குப் பழகவே அவருக்கு ஒரு வருடம் ஆனது. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். காதைக் கிட்டே கொண்டு போக வேண்டும். அப்படிக் கொண்டு போனவனுக்குத்தான் திட்டு தெளிவாகக் கேட்கும்.

பலகை வைக்கும் இடத்தை அவர் கண்ணால் தேர்ந்தெடுக்க மாட்டார். பூங்காவுக்கு முதல்முறை வந்திருக்கும் ஆள் யாரையாவது முன்னால் நடக்கவிட்டு, பத்தடி பின்னால் ஒன்றும் பேசாமல் போவார். அந்த ஆளின் கால் எந்த இடத்தில் ஒரு கணம் தயங்குகிறதோ அங்கே தடியால் மண்ணில் ஒரு கோடு கிழிப்பார். பலகை அந்தக் கோட்டில் வராது. அதற்குப் பத்தடி முன்னால் வரும். "தயங்கினதுக்கு அப்புறம் சொல்ற பலகை வழிகாட்டி இல்ல மாணிக்கம், ஆறுதல்" என்பார். பிறகு குந்தி உட்கார்ந்து குழந்தையின் கண் மட்டத்திலிருந்து பார்ப்பார். பிறகு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்து பார்ப்பார். "போறவனுக்கு மட்டும் எழுதாத. அவன் திரும்பி வரணும்ல?"

கம்பம் பனங்கட்டை. அடிப்பக்கத்தை நெருப்பில் வாட்டிக் கருக்கி, தார் பூசி, இரண்டடி ஆழத்தில் கல் போட்டு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் கரையான் சோறாக்கிவிடும். பலகை தகரம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிவப்பு பிரைமர் ஒரு பூச்சு, ஒரு நாள் காயவிட்டு, வெள்ளை இரண்டு பூச்சு. சுண்ணாம்பு தடவிய நூலை இழுத்துக் கட்டி ஒரு சுண்டு சுண்டினால் கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் எழுத்து உட்கார வேண்டும். இரண்டு எழுத்துக்கு நடுவே ஒரு தீப்பெட்டிக் கனம் இடைவெளி. சார் நிஜமாகவே தீப்பெட்டி வைத்துப் பார்ப்பார்.

திங்கட்கிழமை தோறும் ரோந்து. பையில் சுத்தி, ஆணி, கட்டுக்கம்பி, கறுப்புப் பெயிண்ட் ஒரு சின்ன டப்பா, ஈரத்துணி, கொப்பு வெட்ட ஓர் அரிவாள். ஆடு முதுகு தேய்த்துச் சாய்த்த கம்பத்தை நிமிர்த்துவேன். காதலர்கள் ஆணியால் கீறிய பெயர்களுக்கு வெள்ளை அடிப்பேன். ஒரு வாரம் 'செல்வி'க்கு அருகில் இருந்த பெயர் மறு வாரம் மாறியிருக்கும். எனக்கென்ன, இரண்டுக்கும் ஒரே வெள்ளைதான்.

இனிமேல்தான் சொல்ல வேண்டியது.

பூங்காவின் வாசல் வடக்கே, பஸ் ரோட்டின் மேல். உள்ளே தெற்கு பார்த்து நடந்தால் ஒரு வாகை மரத்தடியில் பாதை இரண்டாகப் பிரியும். இடது கைப் பக்கம் கிழக்கே திரும்பிக் கரடு ஏறும். வலது கைப் பக்கம் மேற்கே திரும்பி ஏரிக்கு இறங்கும். இந்த இரண்டுக்கும் பெயர் வைக்க வேண்டும். சார் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். ஏறுகிற பாதைக்கு 'மேல் பாதை'. இறங்குகிற பாதைக்கு 'கீழ் பாதை'. மலையில் பிறந்தவர், அவர் ஊரில் மேட்டில் இருந்தால் மேல வீடு, பள்ளத்தில் இருந்தால் கீழ வீடு.

எங்கள் பக்கம் அப்படி இல்லை. எங்களுக்கு மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. எந்த ஊருக்குப் போனாலும் மேலத்தெரு மேற்கில் இருக்கும், கீழத்தெரு கிழக்கில் இருக்கும். நிலமும் கிழக்கே சரிந்து, தண்ணீரும் கிழக்கே ஓடுவதால் மேடும் மேற்கும் ஒரு பக்கம், பள்ளமும் கிழக்கும் ஒரு பக்கம் என்று ஒரு சொல்லே இரண்டு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் கரட்டில் மட்டும் எல்லாம் தலைகீழ். ஏறுகிற பக்கம் கிழக்கு, இறங்குகிற பக்கம் மேற்கு.

பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது வாசல் காவலர் பிச்சை அண்ணன் நிறுத்திப் படித்தார். "ஏம்ப்பா, கெழக்கால போறதை மேல்ங்கிற, மேக்கால போறதைக் கீழ்ங்கிற. ஒங்க ஆபீசர் வூட்டுல சூரியன் எந்தப் பக்கம்ப்பா மொளைக்குது?"

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கம்பத்தை நட்டேன். அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி சார் மேலிடத்துக்கு எழுதியிருந்தார். அவரிடம் போய், "சார், நீங்க எழுதினது எங்க ஊருல வேற மாதிரி ஆயிடும்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. நுணலும் தன் வாயால் கெடும், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். சொல்லியிருந்தால் சார் கோபித்திருக்க மாட்டார் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு வாச்சரின் காக்கிச் சட்டை வேண்டியிருந்தது.

சட்டை வந்தது. நாலு வருடம் அந்தப் பலகைகளுக்கு வெள்ளையும் கறுப்பும் பூசிப் பூசி, ஆபீசில் அதே சொல்லைப் பேசிப் பேசி, எனக்கே அது ஒட்டிக்கொண்டது. கீழ் பாதை என்றால் ஏரி. மேல் பாதை என்றால் கரடு. பிச்சை அண்ணன் ஓய்வு பெற்றுப் போனார். அவருடைய கேலியும் மறந்துவிட்டது.

அஞ்சலை என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும், பக்கத்து ஊர்க்காரி. பூங்காவுக்குள் புல் அறுக்க அவளுக்கு ஆபீஸ் சீட்டு கொடுத்திருந்தது. அந்தப் புல்லை நம்பித்தான் அவள் நாலு ஆடு வளர்த்தாள், அவற்றை நம்பி அவள் வீடு. மார்கழி மாதம் ஒரு நாள் அவள் பச்சைக் கொப்பு வெட்டியதைப் பார்த்து அவளுடைய அரிவாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். சும்மா பிடுங்கவில்லை, நாலு பேர் முன்னால் கண்டபடி பேசவும் பேசினேன். அதற்குப் பிறகு என் காக்கி தெரிந்தாலே அவள் புல்லுக்கட்டோடு வேறு பக்கம் திரும்பிவிடுவாள்.

காணும் பொங்கலன்று பூங்காவில் கூட்டம் தாங்காது. லாரியிலும் டிராக்டரிலும் வந்து இறங்குவார்கள். கட்டுச்சோறு, கரும்புச் சக்கை, டிரான்சிஸ்டர் பாட்டு. அந்த வருடம் மதியம் மூன்று மணி இருக்கும். திருமானூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த கலியபெருமாள் என்பவர் வாசலுக்கு ஓடிவந்தார். வேட்டி மடிப்பு அவிழ்ந்தது கூடத் தெரியவில்லை.

"சார், எங்க அக்காவைக் காணும்ங்க. சாப்பிட்டு எலையைப் போட்டுட்டு வரேன்னு கையைக் காட்டிட்டுப் போனாங்க, ஆளைக் காணும். கூப்புட்டாலும் கேக்காதுங்க அவங்களுக்கு. சின்ன வயசுல காச்சல் வந்து காது போயிடுச்சு. பேச்சும் வராது."

பெயர் காமாட்சி, நாற்பது வயது, பச்சைச் சேலை. கல்யாணம் ஆகாதவர். தாய் தகப்பன் போனபின் தம்பியைத் தூக்கி வளர்த்தது அவர்தானாம். அதைச் சொல்லும்போதே கலியபெருமாளுக்கு உதடு கோணியது. நான் அவரை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு வாகை மரத்தடிக்கு ஓடினேன். கொஞ்ச தூரத்தில் புதருக்குள் அஞ்சலை புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, பச்சைச் சேலை கட்டின அம்மா ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சா?"

அவள் நிமிர்ந்தாள். கையிலிருந்த இரவல் அரிவாளை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள்.

"கீழப் பாதையா போச்சுங்க" என்றாள். அவ்வளவுதான். புல்லுக்கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நான் ஏரிக்கு ஓடினேன்.

ஓடியதோடு விடவில்லை. இதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதாமல் போய்விடலாமா என்று மூன்று நாளாக எழுந்து எழுந்து நடந்தேன். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் தாங்களாகவே கரடு ஏறத் தொடங்கியிருந்தார்கள். நான் விசில் ஊதி அவர்களை இறக்கினேன். "ஏய், அங்க எதுக்குப் போறீங்க? கீழ் பாதையில போனதைப் பாத்த ஆளு இருக்கு. எல்லாரும் ஏரிக்கு வாங்க!" பெஞ்சமின் சார் ஜீப்பில் வந்து இறங்கியதும் முதலில் கேட்டது, "கரட்டுல யாராவது பாத்தாச்சா?" என்றுதான். "தேவையில்ல சார். கீழ் பாதைதான். கண்ணால பாத்தவங்க சொன்னாங்க" என்றேன். என் பேச்சை அவர் நம்பினார். நாலு வருடமாக நம்பிப் பழகியவர்.

ஏரி அந்தத் தையில் நிரம்பி இருந்தது. கரை ஓரத்துச் சேற்றில் ஒரு ரப்பர் செருப்பு கிடைத்தது. "அக்கா செருப்பு நீலமா செவப்பா?" என்று யாரோ கேட்க, கலியபெருமாள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலமா சிவப்பா என்று அவருக்கு ஞாபகம் இல்லை. கூடப்பிறந்தவள் காலில் என்ன செருப்பு என்று தெரியாமல் போனதுதான் அவரை உடைத்துவிட்டது. கரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார். அவர் மனைவி வாய்விட்டு அழுதார். நீச்சல் தெரிந்த ஏழெட்டுப் பேர் இறங்கி மூழ்கித் துழாவினார்கள். பூங்காவில் இருந்த அத்தனை கூட்டமும் கரைக்கு வந்து நின்றது. பாட்டை நிறுத்திவிட்டார்கள். நானும் மார்பளவு தண்ணீரில் நின்று காலால் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை காலில் வேர் தட்டும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது.

ஐந்தரை ஆகிவிட்டது. வெயில் மஞ்சளாகிவிட்டது. வலை கொண்டு வர ஆள் அனுப்பிவிட்டு, போலீசுக்கு எழுதித் தர வேண்டுமே என்று பெஞ்சமின் சார் கலியபெருமாள் அருகில் வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த இடத்துக்குக் கீழேதான் நான் தண்ணீரில் நின்றேன்.

"எந்தத் தெரு உங்களுக்கு?"

"கீழத்தெருங்க."

சார் எழுதிக்கொண்டே, அந்த மனிதரைக் கொஞ்சம் பேச வைக்கலாம் என்றோ என்னவோ, கேட்டார். "ஊருக்குள்ள பள்ளமான இடமா?"

கலியபெருமாள் அழுகைக்கு நடுவே விழித்தார். "பள்ளமெல்லாம் இல்லைங்க. கெழக்கால இருக்கு."

சேற்றைத் தடவிக்கொண்டிருந்த என் கால் நின்றது. கீழ, கெழக்கால. 'கீழப் பாதையா போச்சுங்க.' அஞ்சலைக்குப் பள்ளிக்கூட வாசனையே கிடையாது. அவள் எந்தக் காலத்தில் என் பலகையைப் படித்தாள்?

யாரிடமும் சொல்லவில்லை. கரையேறி ஓடத் தொடங்கினேன். ஈர நிஜார் தொடையில் ஒட்டிக்கொண்டது. "மாணிக்கம்! எங்க போற?" என்று சார் கூப்பிட்டது கேட்டது. வாகை மரத்தைத் தாண்டி, மேல் பாதை என்று நான் எழுதிய பலகையைத் தாண்டி, கரடு முழுக்க மூச்சு விடாமல் ஏறினேன்.

காட்சி மேடையின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காமாட்சி அம்மாள் உட்கார்ந்திருந்தார். வலது கணுக்கால் பனங்காய் போல வீங்கியிருந்தது. மேடைப் படியில் சறுக்கியிருக்கிறார். நடக்க முடியவில்லை. அவருடைய கையில் ஒரு சிவப்புத் துண்டு இருந்தது. அதைச் சுவருக்கு வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியாது. அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் நானும் பார்த்தேன்.

ஏரி முழுதாகத் தெரிந்தது. கரையில் கூட்டம். தண்ணீரில் தலைகள் முங்கி முங்கி எழுந்தன. கரையில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டை கலியபெருமாள் என்று இங்கிருந்தே கண்டுபிடிக்க முடிந்தது. அவர் மாரில் அடித்துக்கொள்வதும் தெரிந்தது.

மூன்று மணியிலிருந்து அந்த அம்மாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைத்தான் தண்ணீரில் தேடுகிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்திருக்கும். துண்டை ஆட்டி, தொண்டை கிழியக் கத்தி, கல்லை எடுத்துச் சுவரில் தட்டி எல்லாம் செய்திருக்கிறார். சுவரில் புதுக் கீறல்கள் இருந்தன. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கரடு ஏறத் தொடங்கியவர்களையும் நான்தானே விசில் ஊதி இறக்கினேன்?

நான் முன்னால் போய் நின்றதும் அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. தன் காலைக் காட்டவுமில்லை. கீழே இருந்த தம்பியைக் காட்டி, கையை வேகமாக ஆட்டி ஆட்டி என்னைப் பிடித்துத் தள்ளினார். போய் அவனிடம் முதலில் சொல் என்கிறார் என்று புரிந்தது. நான் விசிலை எடுத்து வாயில் வைத்தேன். ஊத மூச்சு வரவில்லை, முதலில் அழுகைதான் வந்தது.

கலியபெருமாள் அக்காளை முதுகில் சுமந்து இறங்கினார். வாசலில் வைத்து அந்த அம்மாள் கையால் பேசியதை அவர்தான் எங்களுக்குச் சொன்னார். "பாத்துக்கிட்டே இருந்தேங்கிறாங்க. ஒருத்தரும் தலையைத் தூக்கலைங்கிறாங்க." பிறகு அவருடைய பயம் எல்லாம் கோபமாகத் திரும்பியது. "ஏரிக்குப் போச்சுன்னு சொன்னவ யாருங்க? அவளைக் காட்டுங்க. வாய் கூசாம பொய் சொல்லி எங்க உசுரை எடுத்துட்டாளே!" கூட்டத்தில் ஆளாளுக்கு அஞ்சலையை ஏசினார்கள். 'தவறான தகவல் அளித்த புல் அறுக்கும் பெண்' என்று சார் குறிப்பில் எழுதினார். நான் பக்கத்தில் நின்று ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. இரண்டாவது முறை.

அந்த இரவும் மறு இரவும் தூக்கமில்லை. மூன்றாம் நாள் காலையில் அஞ்சலையின் புல் சீட்டை ரத்து செய்து கடிதம் தயாரானது. அதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி என்னிடமே நீட்டினார் சார்.

வாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கீழ என்றால் எங்களுக்குக் கிழக்கு என்றும், அந்தப் பெண் சொன்னது சரி, கேட்ட நான்தான் தப்பாகக் கேட்டேன் என்றும், விசில் ஊதி ஆட்களை இறக்கியது நான் என்றும் சொன்னேன். சார் பேனாவை மூடினார். அவருடைய குரல் இறங்கியது. நான் கிட்டே போனேன்.

"அந்தச் சொல்லு இங்க ரெண்டு மாதிரி ஆகும்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"பலகை நட்ட அன்னைக்கே தெரியும் சார்."

"நாலு வருஷமா?"

"ஆமா சார். நெரந்தரம் ஆகட்டும்னு இருந்துட்டேன். அப்புறம் மறந்தே போச்சு."

"நான் மலைக்காரன். எனக்குத் தெரியாது. கேட்டிருக்கணும், கேக்கல. அது என் தப்பு. உனக்குத் தெரியும். தெரிஞ்சவன் வாய மூடிட்டு இருந்தா, அப்புறம் ஊரெல்லாம் பலகை எதுக்கு நடுறோம் மாணிக்கம்?" என்றார். வேலையை விட்டு எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்தார். குறிப்பையும் அடித்து, தன் பெயரையும் என் பெயரையும் போட்டுத் திருப்பி எழுதினார். எனக்கு அந்த வருட ஊதிய உயர்வு நின்றது. நின்றது நியாயம்தான்.

பிறகு ஒரு தாளை எடுத்தார். "சரி, என்ன பேர் வைக்கலாம்? ஏறுறது ஏறு பாதை. ஏரிக்குப் போறது ஏரிப் பாதை. திசையே வேண்டாம். எப்படி?"

எழுத்தில் அழகாகத்தான் இருந்தது. தலையாட்டப் போனவன், நல்லவேளை, ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

"வேண்டாம் சார். காதுல விழுந்தா ரெண்டும் ஒண்ணுதான். ஏறுபாத, ஏரிப்பாத. எவனாவது திரும்பவும் ஏரிக்கு ஓடுவான்."

அவரும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். 'கரட்டுத் தடம்', 'தண்ணித் தடம்' என்று முடிவானது. தண்ணி என்று எழுதலாமா, தண்ணீர் என்றல்லவா எழுத வேண்டும் என்று மேலிடத்தில் ஒருவர் கேட்டாராம். ஜனங்கள் குடிப்பது தண்ணிதான் என்று சார் பதில் போட்டார்.

அருள், உங்கள் புதுப் பையன்களுக்கு இதை மட்டும் சொல்லுங்கள். போன் சொல்லட்டும், பலகை சொல்லட்டும், ஒரு சொல்லை வைப்பதற்கு முன்னால் அதை அங்கே புல் அறுக்கிறவள் வாயில் ஒரு தடவை கேட்டுவிட்டு வையுங்கள்.

புதுப் பலகைகளை எழுதும் முன், அஞ்சலையின் அரிவாளையும் புதுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சார் போகச் சொன்னார் என்று எழுதினால் பொய். அவர் சொல்லவில்லை, இங்கே நான் பொய் எழுத முடியாது. வாசலில் அவள் ஆட்டுக்குக் கொப்பு கட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"என்னங்க வாச்சரே, வூட்டையும் சோதனை போடணுமா?"

அரிவாளையும் சீட்டையும் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தேன். "நீ சொன்னது சரிம்மா. நான் கேட்டதுதான் தப்பு. ஊரே ஒன்னைப் பேசினப்ப நான் சும்மா நின்னேன். என்னை மன்னிச்சுக்க."

"அந்தம்மா காலு எப்படி இருக்குங்க?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"கட்டுப் போட்டிருக்காங்க. ஒரு மாசத்துல நடப்பாங்களாம்."

"நானும் நின்னு இன்னும் ரெண்டு வார்த்த சொல்லியிருக்கலாம். ஒங்க சட்டையைக் கண்டா நிக்கவா முடியுது?" என்றாள். சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அரிவாளை வாங்கிக் கட்டைவிரலால் கூர் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், "எனக்கு ஒண்ணுதான் வெளங்கலைங்க. நீங்க வெளியூரா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பக்கந்தான்."

"எந்த ஊரு?"

"கீழப்பழுவூரு."

அஞ்சலை அரிவாளிலிருந்து கண்ணை எடுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது என்னங்க, பழுவூருக்கு அடியிலயா இருக்கு?"